கீழ்க் கண்ணாடி

அந்த அக்காவுக்கு வலது எது, இடது எது என்று கடைசி வரைக்கும் சரியாக வரவில்லை. கரைமேட்டு ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால், நாம் ஒதுங்குகிற பக்கமே அவரும் ஒதுங்குவார். சரி என்று மறுபக்கம் போனால் அவரும் மறுபக்கம் வருவார். இரண்டு மூன்று தடவை இப்படி ஆடிவிட்டு நம் தோளைப் பிடித்து நிறுத்தி, "நீ நில்லு தங்கச்சி, நான் போறேன்" என்று தாண்டிப் போவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "எத்தினி வருசமா இந்தப் பொட்டிக்குள்ள தலைய வுட்டுகினு கீறேன். உள்ள எல்லாம் மாறித்தான் தெரியும். வெளிய வந்தா எது நெசம்னு புரிய மாட்டேங்குது" என்பார்.

பெட்டி என்று அவர் சொன்னது கேமராவை. மற்றவர்கள் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். அவருடையதை வயிற்றில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். நிறுத்திவைத்த செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், கிண்ணத்துத் தண்ணீரில் தெரிகிற மாதிரி எதிரில் இருப்பவர் தெரிவார். அவர் குனிந்துகொண்டே இருப்பதால் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவர் முகம் தெரியாது. நடுவகிடு தெரியும். வகிட்டு ஓரத்தில் நரைத்திருந்த கொஞ்சம் முடி தெரியும். யாரோ நம் எதிரில் கும்பிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் சனத்துக்கு முன்னால் அதற்கு முன்பு யாரும் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

பெயர் நான் கேட்கவில்லை. போட்டோக்கா என்போம், அவ்வளவுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். புருசன் பொன்னேரியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், செத்துப்போனார் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, வேறொருத்தியோடு போய்விட்டார், இந்தக் கேமரா ஒன்றுதான் மிச்சம் என்றும் சொல்வார்கள். ஒருநாள் நானே கேட்டேன். "அத்த வுடு" என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஊரில் போட்டோ பிடிக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆண்கள். கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பிடிப்பார்கள். படத்தில் ஒவ்வொரு தலையும் அரிசி அளவு இருக்கும். போட்டோக்கா அப்படி எடுக்க மாட்டார். ஒரு தோல் பையிலிருந்து வளையம் போட்ட இரண்டு வட்டக் கண்ணாடிகளை எடுப்பார். பெட்டியின் மேல் கண்ணுக்கு ஒன்று, கீழ்க் கண்ணுக்கு ஒன்று. மேலே மாட்டுவது தடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு, புள்ளி உச்சிக்கு வரவேண்டும். கீழே மாட்டுவது மெல்லிசு. வெறும் பெட்டிக்கு இரண்டு முழத்துக்குள் வந்தால் எல்லாம் கலங்கிவிடும். இந்தக் கண்ணாடிகளைத் திருகி மாட்டிவிட்டால் ஒரு முழம் வரைக்கும் கிட்டே வரலாம்.

ஒரு முழம் என்றால் நம் மூச்சு அவர் கையில் படும். அவ்வளவு கிட்டே ஒரு ஆண்பிள்ளை பெட்டியை நீட்டினால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? இவர் பெண் என்பதால் இருந்தோம். கன்னத்தில் காய்ந்துபோன உப்பை இவரே முந்தானையால் துடைப்பார். சில பேருக்குத் துடைக்காமலே விட்டுவிடுவார், ஏன் என்று தெரியாது. "இன்னும் கிட்ட வா" என்பார். "நான் இன்னா கடிக்கவா போறேன்? வா." பக்கத்துக் குடிசைக் கன்னியம்மா ஒருதடவை, "இன்னும் கிட்ட வந்தா அந்தப் பொட்டிக்குள்ளியே பூந்துடுவேன்கா" என்றாள். அதற்கு இவர், "பூந்துடு, உன் மாமியாகிட்ட இருந்து தப்பிச்சுக்கலாம்" என்றார். கன்னியம்மா சிரித்த அந்த நொடியில் பிடித்த படம் அவள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பல்லில் பறிக் கயிறு தேய்த்த தடம் கூடத் தெரியும்.

பறி என்றால் பனையோலையில் முடைந்த கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் கழுத்தளவு அமிழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். வலை கிடையாது. கைதான் வலை. பழவேற்காட்டு ஏரியில் பசியாவரம் என்ற ஊருக்கு இந்தப் பக்கம் தண்ணீரை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பறியைக் கடித்தவள்.

அவருக்கு ஏன் இந்தக் கிட்டப் பைத்தியம் என்று ஒருநாள் நானும் படகில் இருந்தபோது அவரே சொன்னார். என் வீட்டுக்காரர்தான் அவரைப் படகில் கூட்டி வருவார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம், நீச்சலும் தெரியாது. பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பேச்சு மட்டும் நிற்காது. கடல்கரைக் குப்பத்திலிருந்து ஒரு பெண் அவரிடம் வந்தாளாம். புருசன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. புதுப் படகைத் தள்ளிய நாளில் எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது, அதில் படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்கிறான், அரிசி அளவு. அந்தத் தலையைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்றாளாம். அக்கா இரண்டு கண்ணாடியையும் மாட்டி, அந்தப் படத்தையே படம் பிடித்து, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார். பெரிதாக்கியும் புள்ளிதான் வந்தது, மணலை வாரிக் கொட்டின மாதிரி. அந்தப் பெண் விரலை வைத்துத் தடவி, "இதுல அவுரு மூக்கு எதுக்கா?" என்று கேட்டாளாம்.

"எனக்குத் தெரியில தங்கச்சி. எடுத்தவளுக்கே தெரியில" என்று என்னிடம் சொன்னார். பிறகு, "எங்க தெருவுல டச்சுக்காரன் படுத்துகினு கீறான் பாரு. கல்லுல பேரு வெட்டிகீது, வருசம் வெட்டிகீது, மண்டவோடு கூட வெட்டிகீது. மூஞ்சி எங்க? உசுரோட சொல்லோ எவனும் கிட்ட வந்து பாக்கல" என்றார்.

இது எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. காரணம் இருந்தது. எனக்கு முதலில் ஒரு ஆண்பிள்ளை பிறந்து ஒரு வயசில் போய்விட்டான். படம் எதுவும் இல்லை. இரண்டு வருசம் அவன் முகத்தை மனசிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது வருசம் ஒருநாள் காலையில் நினைத்துப் பார்த்தால் வரவில்லை. கை வந்தது, தொடை மடிப்பு வந்தது, முகம் வரவில்லை. பெற்றவளுக்கு எப்படி மறக்கும் என்று கேட்பார்கள் என்பதால் என் வீட்டுக்காரரிடம் கூட நான் அதைச் சொன்னதில்லை.

அடுத்தது பெண். முதல் பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற மாதிரி, பிறந்ததும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தோம். குப்பம்மா என்று பெயர் வைத்தோம், குப்பு என்று கூப்பிட்டோம். எனக்குப் பயம் கூடவே பிறந்தது. மேகம் கறுத்தால் பயம், வெய்யில் அடித்தால் பயம். குப்பு இருமினால் தூங்க மாட்டேன், இருமாமல் தூங்கினால் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பேன். "இவ வாயத் தொறந்தா ஏதோ ஒண்ணு சாவப் போவுதுன்னு அர்த்தம்" என்று கன்னியம்மா கேலி செய்வாள். குப்புவுக்கு ஆறு வயசு வரைக்கும் நான் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை.

போட்டோக்காவிடம் கெஞ்சினேன். குப்புவைக் கிட்டே வைத்து ஒரு படம். ஆவணி மாசத்தில் ஒருநாள் வருகிறேன் என்றார். எங்கள் குடிசைக்காரர்கள் எல்லோரையும் எடுத்துவிடுவதாக ஏற்பாடு. அன்று குப்புவுக்கு விடியற்காலையிலேயே எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்காரவைத்து, இறங்கினால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். படகு வந்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் வற்றியிருந்ததால் படகு கரைக்கு வரவில்லை. அக்கா முழங்கால் சேற்றில் இறங்கி நடக்கவேண்டும். கையில் சேறு பட்டபின் கண்ணாடியைத் தொடக்கூடாது என்று பழவேற்காட்டிலேயே இரண்டையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் இறங்கிப்போய் நின்றேன். "இந்தா தங்கச்சி, பொட்டியப் புடி, ஈரம் படாம புடி" என்று என் கையில் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவர் பார்வை முழுக்கத் தண்ணீரில் இருந்தது.

விழுந்துவிடப் போகிறதே என்று இறுக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் கீழ் வளையத்தில் அழுந்தி, அது திரும்பி, கழன்று, களுக் என்று தண்ணீரில் விழுந்தது. சின்ன மீன் துள்ளின சத்தம்தான். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்று கூட நினைவு. சொன்னால் எல்லோரும் தேட இறங்குவார்கள், வெய்யில் போய்விடும், அக்கா திரும்பிப் போய் அடுத்த மாசம்தான் வருவார். அடுத்த மாசத்துக்குள் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதுதான் எனக்கு அப்போது ஓடியது. மேல் கண்ணாடி இருக்கிறதே, அதில்தானே பார்க்கிறார், அது போதாதா என்றும் நினைத்தேன். பெட்டியை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, "முதல்ல யாரு? வெய்யில் எறங்குது" என்றார். "எங்க குப்புக்கா" என்றேன்.

குப்புவின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்டியிட்டார். குனிந்து பார்த்தார். பிறகு தலை நிமிராமலே என்னைக் கையால் கூப்பிட்டு, "இத்தப் பாரு" என்று இடம் விட்டார். வேறு யாருக்கும் அந்தப் பெட்டிக்குள் அவர் காட்டியதில்லை. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே என் மகள் முகம். விழுந்த பல்லின் இடைவெளி, ஒவ்வொரு இமை மயிர், கன்னத்து மச்சம், மச்சத்தில் ஒரு சின்ன முடி. தினமும் கழுவித் துடைத்த முகம்தான். நான் அதைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. "தெளிவா தெரியுதா?" என்றார். தெரியுதுக்கா என்றேன். சந்தோசத்தில் கழன்று விழுந்த கண்ணாடியை மறந்தே போனேன்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். குப்பு முதல், கன்னியம்மாவின் மாமியார் கடைசி.

ஐந்தாம் நாள் அக்கா வந்தார். பெட்டி இல்லாமல் வந்தார். கரையில் எங்களை எல்லாம் உட்காரவைத்து, கழுவின பிலிம் சுருளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டிலும் புகை. "கீழ்க் கண்ணாடிய மாட்டாம வந்துட்டேன்" என்றார். "மாட்டினேன்னுதான் நெனப்பு. பையில இல்ல, வூட்ல இல்ல. எங்கியோ தொலைச்சிட்டு, மாட்டினதா நெனச்சுகினு வந்திருக்கேன்." பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பார்க்கிற கண் மேலே இருப்பது. பிடித்து வைக்கிற கண் கீழே இருப்பது. மேலே எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கீழே கண்ணாடி இல்லாவிட்டால் பிலிமில் ஒன்றும் நிற்காது.

கன்னியம்மா, "எங்க மூஞ்சிக்கு அதுவே போதும்கா, அழகா தெரியிறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அன்று சாயங்காலமே அந்த இடத்தில் இறங்கித் தடவினேன். மறுநாளும் தடவினேன். மூன்றாம் நாள் விரலில் வட்டமாக ஒன்று பட்டது. நண்டுக் குஞ்சு ஒன்று அதற்கடியில் ஒண்டியிருந்தது. கழுவிப் பார்த்தால் கீறல்கூட இல்லை. கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வைத்தேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால்? தடவும்போது கிடைத்தது என்று சொல்லலாம். அங்கே விழுந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? தெரிந்தும் ஏன் உன் பிள்ளையை உட்காரவைத்தாய் என்று கேட்டால்? அவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது கேள்வி எல்லாம் நானே கேட்டுக்கொண்டேன். அரிசிப் பானைக்கு அடியில் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டேன்.

புரட்டாசியில் அவர் மறுபடி வந்தார். புதுக் கண்ணாடி கிடைக்கவில்லை, அது தனியாக விற்பதில்லை, சோடியாகத்தான் வரும், அந்த மாதிரி இப்போது யாரிடமும் இல்லை என்றார். தள்ளி நின்றாவது எல்லோரையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் படகு தூரத்தில் வரும்போதே நான் குப்புவைக் குடிசைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தேன். நூலில் கட்டின நண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், குப்பு எதிரில் அவர் மண்டியிட்டுக் குனிந்தால், நான் உளறிவிடுவேன் என்று பயம். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன்.

"குப்பு எங்க?"

"திருப்பாலைவனத்துல எங்கம்மா வூட்டுக்குப் போய்கீதுக்கா."

நான் உட்கார மாட்டேன் என்றுவிட்டேன். மற்றவர்களை எடுத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து, ஐப்பசி பிறந்ததும், குப்புவுக்காக மட்டும் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். இன்னும் வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அப்போது குடிசைக்குப் பின்னால் குப்பு சிரித்தாள். அன்றைக்கும் கையில் கொடுத்து உட்காரவைத்திருந்த நண்டு எதையோ செய்திருக்கும். தெளிவாகக் கேட்டது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார், பெட்டிக்குள் பார்க்கிற மாதிரி. "சரி தங்கச்சி. உன் கோவம் ஆறட்டும். ஆறினதும் சொல்லியனுப்பு" என்றார். படகை நோக்கி நடந்தவர் சேற்றில் இரண்டு தடவை தடுமாறினார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை.

கார்த்திகையில் குப்புவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காற்றும் மழையும் படகை எடுக்க விடவில்லை. எடுத்தபோது நேரமாகிவிட்டது. இதற்குமேல் அதை என்னால் எழுத முடியாது.

பதினாறு முடிந்து அக்கா வந்தார். ஒரு அட்டைக் கவரில் படம் கொண்டுவந்தார். அந்தப் பன்னிரண்டில் முதலாவது. பெரிதாகப் போட்டால் கலங்கல்தான் பெரிதாகும் என்று தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாகப் போட்டிருந்தார். என் கையில் கொடுத்தார். வெள்ளையாக ஒரு வட்டம், அதில் இருட்டாக இரண்டு குழி, கீழே ஒரு கோடு. நான் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக நீட்டிவைத்தார். "கிட்ட வேணாம் தங்கச்சி. தள்ளி வச்சுப் பாரு. தள்ளி வச்சா தெரியும்" என்றார்.

ஊர் முழுக்க, கரை முழுக்க, எல்லோரையும் கிட்டே வா, கிட்டே வா என்று கூப்பிட்டவர் வாயிலிருந்து அது வந்தது. கை நீட்டிப் பார்த்தேன். தெரிந்த மாதிரியும் இருந்தது. யார் பிள்ளை என்றாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "மச்சம் எந்தப் பக்கம்கா?" என்று கேட்டேன்.

அவர் தன் வலது கன்னத்தைத் தொட்டார். இல்லை என்று தலையை ஆட்டி இடது கன்னத்தைத் தொட்டார். மறுபடி வலது. பெட்டிக்குள் மாறித் தெரிந்ததா, வெளியே மாறினதா என்று உதடு அசையக் கணக்குப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் தெரியவில்லை. குப்புவை நினைத்தால் எனக்கு வருவது பெட்டிக்குள் பார்த்த முகம்தான், அவ்வளவு தெளிவாக நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை. அதில் மச்சம் ஒரு பக்கம். கழுவித் துடைத்த என் கைக்கு இன்னொரு பக்கம் என்று நினைவு. எது நிசம் என்று அன்றிலிருந்து எனக்கும் புரியவில்லை.

அதற்குப் பின் அக்கா யார் முகத்துக்கும் கிட்டே போகவில்லை. ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு முழம் தள்ளி நின்றே எடுத்தார். ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அமுக்குவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலால் கீழ்க் கண்ணின் வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அங்கே மாட்டவேண்டியது எதுவும் இல்லை, ஆனாலும் தொடுவார். பசியாவரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "இன்னாக்கா, கேமராவுக்குப் பொட்டு வெக்கிறியா?" என்று கேலி பண்ணினார். "மறதிக்காரிப்பா நானு. ஒரு கொழந்த மூஞ்சிய தொலைச்சவ" என்றார். நான் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டேன்.

மாசியில் ஒருநாள் அரிசிப் பானையை நகர்த்தி, கண்ணாடியை எடுத்து, மடியில் முடிந்துகொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று படகு முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா, நீங்க மறக்கல. நான்தான். அவ்வளவுதான், நாலு வார்த்தை.

அவர் அறையில் டீ போட்டுக் கொடுத்தார். ஆள் இளைத்திருந்தார். பேச்சும் குறைந்திருந்தது. நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "உன்னத்தான் நான் எடுக்கவேயில்ல" என்றார். "அன்னிக்கி பன்னெண்டும் மத்தவங்களுக்கே தீந்துபூடுச்சு. வா, வெளிச்சத்துல உக்காரு."

வாசல் வெளிச்சத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு முழம் தள்ளி நின்று குனிந்தார். வகிடு முழுக்க நரைத்திருந்தது. விரல் கீழ்க் கண்ணைத் தொட்டது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தலை நிமிராமல் சொன்னார்:

"பயப்படாத. கிட்ட வர மாட்டேன். நான் கிட்ட வந்தா கெட்டுப்பூடுது தங்கச்சி."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். கண்ணாடி என் வயிற்றில் சில்லென்று அழுந்திக்கொண்டிருந்தது. கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"அடுப்புல ஒல வச்சுட்டு வந்துட்டேன்கா" என்றேன்.

பெட்டி ஒரு சின்னச் சத்தம் போட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

படத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த தடவை நான் பழவேற்காட்டுக்குப் போனபோது அறை பூட்டியிருந்தது. அதற்கடுத்த தடவை அங்கே நண்டு வியாபாரியின் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பார்வை மங்கிச் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். பிறகு செத்துப்போனார் என்றார்கள். அவர் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று பழவேற்காடு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். இல்லை. எல்லோரையும் எடுத்தவரை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அவரை நினைத்தால் வகிடுதான் வருகிறது.

என் வீட்டுச் சுவரில் இரண்டு படம் இருக்கின்றன. சின்னதில் என் மகள். கீழ்க் கண்ணாடியை அதன் மேல் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எதைக் காட்டினாலும் பெரிதாக்கிக் கிட்டே கொண்டுவருகிற கண்ணாடி அது. என் கைரேகையை ஓடை மாதிரி காட்டும். குப்புவிடம் மட்டும் புகையைத்தான் பெரிதாக்குகிறது.

மற்றதில் நான். அதில் எல்லாமே தெளிவு. நெற்றிச் சுருக்கம், திறந்த வாய், புடவை நூல், எல்லாம். பார்க்கிறவர்கள், இது இன்னாமே, வயிற்றுவலியா, ஏன் கையை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். கைக்கு அடியில், மடிப்புக்குள், வட்டமாக ஒன்று புடைத்திருக்கிறது. வளையத்தின் விளிம்பு கூடப் புடவைக்கு மேல் தெரிகிறது. அவர் இதை இருட்டறையில் கழுவி, காயவைத்து, கையில் எடுத்துப் பார்த்துத்தான் கொடுத்தனுப்பியிருப்பார். எதையும் கிட்டே வைத்துப் பார்க்கிறவர் அவர்.